அக்குமுலேட்டரை எங்கே மாட்டுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறேன். ஹைட்ராலிக்ஸால் ஏற்றி இறக்கும் 1964 இம்பாலா லோரைடர் (தாழ்வாக ஓட்டும் கார்) வைத்திருக்கிறேன், இரண்டு ஆயில் பம்ப், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு ஹைட்ராலிக் சிலிண்டர். சின்னப் பள்ளம் வந்தாலும் முதுகுத்தண்டு வரை இடிக்கிறது. இடியை வாங்கிக்கொள்ள, உள்ளே நைட்ரஜன் அடைத்த அரை லிட்டர் அக்குமுலேட்டர் நான்கு வாங்கிவிட்டேன். டிக்கியில் பம்புக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, அங்கேயே மாட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். அக்குமுலேட்டர் என்ன வேலை செய்யும் என்பதை அது லைனில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. உங்கள் காரில் பம்ப் தள்ளும் ஆயில் செக் வால்வைத் தாண்டி ஹோஸ் வழியாகச் சிலிண்டருக்குப் போகிறது, காரை இறக்கும்போது டம்ப் வால்வு திறந்து அதே ஆயில் டேங்குக்குத் திரும்புகிறது. செக் வால்வு ஒரு பக்கம்தான் திறக்கும். அதற்கு முன்னால், பம்ப் பக்கம் மாட்டினால், சக்கரம் பள்ளத்தில் விழுந்து சிலிண்டரில் ஏறும் அழுத்தம் அக்குமுலேட்டரை எட்டவே எட்டாது. செலவு செய்தும் இடி அப்படியே இருக்கும்.

செக் வால்வுக்குப் பின்னால், சிலிண்டருக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக, ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு மாட்டுங்கள். ஆயிலை எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது, சுருங்குவது அக்குமுலேட்டருக்குள் இருக்கும் நைட்ரஜன்தான். பள்ளத்தில் இடிக்கும்போது ஆயில் கண்ணிமைக்கும் நேரத்தில் அங்கே ஓடிப் போய்த் திரும்ப வேண்டும், டிக்கியிலிருந்து முன்சக்கரம் வரை நீளும் மெல்லிய ஹோஸில் அது நடக்காது. ஹோஸ் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும், 90 டிகிரி எல்போக்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது நைட்ரஜன் அழுத்தம், நிறைய பேர் தடுமாறும் இடம் இதுதான். சிலிண்டரின் மேல் 500 கிலோ எடை, அதன் பரப்பு 5 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சதுர செ.மீ.க்கு 100 கிலோ, அதாவது ஏறக்குறைய 98 பார். ஆயில் இல்லாதபோது நைட்ரஜன் 60 பார் இருந்தால், கார் நிற்கும்போது அது 300 சிசி அளவுக்குச் சுருங்கி உட்காரும். சிலிண்டர் 5 செ.மீ. உள்ளே போனால் 25 சிசி ஆயில் வெளியேறும், நைட்ரஜன் 275 சிசி ஆகும், அழுத்தம் பத்து சதவீதம்போல ஏறும். மெத்தென்று இருக்கும். நைட்ரஜனையே 110 பார் ஏற்றிவிட்டால்? ஆயில் உள்ளே நுழையவே முடியாது, பழைய இடிதான். முன்பக்கம் சிலிண்டர், சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் நடுவே உட்கார்ந்திருப்பதால் சக்கரத்தின் எடையைவிட அதன் மேல் விழும் சுமை அதிகம். அதனால் கணக்கை மட்டும் நம்பாமல் லைனில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, கார் ஓட்டும் உயரத்தில் நிற்கும்போது முன்னும் பின்னும் தனித்தனியாகப் பார்த்து, அதில் 60 சதவீதம் அளவில் ஆரம்பியுங்கள்.

நிரப்புவது நைட்ரஜன் மட்டும். ஆக்சிஜன் கூடவே கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். காரைக் குதிக்க வைக்கும் ஆசை இருந்தால் ஒவ்வொரு அக்குமுலேட்டருக்கும் முன்னால் அந்த அழுத்தத்தைத் தாங்கும், கையால் திறந்து மூடும் பால் வால்வு (ball valve) வேண்டும், இல்லாவிட்டால் பம்பின் உதையை அதுவே விழுங்கிவிடும். ஆனால் ஒன்று, பால் வால்வை மூடிவிட்டுக் காரை இறக்கினால் சிலிண்டர்தான் காலியாகும், அக்குமுலேட்டருக்குள் முழு அழுத்தம் அப்படியே பூட்டிக் கிடக்கும். அது தெரியாமல் ஃபிட்டிங்கைக் கழற்றினால் ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். தயவுசெய்து, வால்வைத் திறந்து வைத்து, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகுதான் ஸ்பேனரை எடுங்கள்.

கேள்வி: இவ்வளவு தாழ்வாக ஓட்டினால் போலீஸ் பிடிக்குமா?

பதில்: சக்கர ரிம்மின் அடிப்பகுதியைவிடக் காரின் எந்தப் பாகமும் தாழக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டம் 1958-இல் அமலுக்கு வந்தது. லோரைடர் கார்களில் ஹைட்ராலிக்ஸ் நுழைந்ததே அதனால்தான்: 1959 வாக்கில் ரான் அகிரே என்பவர் தன் 1957 கார்வெட் காரில் விமானங்களுக்கான பழைய பம்புகளையும் வால்வுகளையும் மாட்டி, நினைத்தபோது ஏற்றி இறக்கும்படி செய்தார். அந்தத் தடையை 2024 ஜனவரி 1 முதல் மாநிலமே நீக்கிவிட்டது. நிம்மதியாக ஓட்டுங்கள்.

கேள்வி: அக்குமுலேட்டர் மாட்டியாயிற்று, இடி போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு மேட்டுக்கும் கார் நாலைந்து முறை ஆடி ஓய்கிறது. காலையில் பார்த்தால் கொஞ்சம் இறங்கியும் நிற்கிறது.

பதில்: ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டீர்களா? நைட்ரஜன் ஸ்பிரிங் வேலையைத்தான் செய்யும், ஆட்டத்தை அடக்காது. 1955-இல் வந்த சிட்ரோயன் டிஎஸ் காரில் நைட்ரஜன் உருண்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஆயில் போகும் வழியைச் சுருக்கும் வால்வு ஒன்று இருந்தது, ஷாக் அப்சார்பர் வேலையை அதுவே பார்த்தது. நீங்களும் ஷாக் அப்சார்பரைத் திரும்ப மாட்டலாம், இல்லை அக்குமுலேட்டர் வாயில் சின்னத் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போடலாம். துளையை அளவுக்கு மேல் சிறிதாக்கினால் இடி திரும்பிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள்.

காலையில் இறங்குவதைப் பற்றி. நாலு மூலையும் ஒரே அளவு இறங்கி, மதியம் தானாக ஏறினால் அது குளிர்தான். இரவில் 15 டிகிரி குறைந்தாலே மேலே சொன்ன 300 சிசி நைட்ரஜன் 15 சிசி சுருங்கும், சிலிண்டர் 3 செ.மீ. இறங்கும். கசிவு இல்லை, பயப்படாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். டம்ப் வால்விலிருந்து டேங்குக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு இரவு முழுக்க வையுங்கள், பாட்டிலில் ஆயில் சேர்ந்திருந்தால் டம்ப் வால்வு. சேரவில்லை, சிலிண்டர் சீலிலும் ஈரம் இல்லை என்றால் செக் வால்வு. என் காரில் ஒரு மாதம் அலைந்த பிறகு செக் வால்வைப் பிரித்துப் பார்த்தேன், ஃபிட்டிங்கில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் ஒரு துணுக்கு, வால்வு மூடும்போது உட்காரும் சீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தளவுகூட இல்லை. டேப் சுற்றும்போது முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள், குழாய் வாயை விரித்துப் பொருத்தும் ஃபிளேர் ஃபிட்டிங்குக்கு டேப்பே வேண்டாம்.