செட்டிநாட்டு வெயில், மழை, வெடிச்சத்தம்: லாப்ரடாரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: பெங்களூரிலிருந்து காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். கூடவே நான்கு வயது லாப்ரடாரும் வந்திருக்கிறது. வெயிலுக்கு முடியை மழித்துவிடலாமா? உண்ணியை எப்படி ஒழிப்பது? தீபாவளி வெடிக்கு என்ன செய்வது?

பதில்:

மொட்டை மட்டும் அடித்துவிடாதீர்கள். சித்திரை பிறந்தாலே எங்கள் பக்கம் பார்க்கிறவர்கள் எல்லாம் கொடுக்கும் யோசனை அதுதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாப்ரடாருக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே கொஞ்சம் முரட்டு முடி, அடியில் மெத்தென்று அடர்ந்த முடி. வெயில் நேராகத் தோலில் படாமல் காப்பது அந்த மேல்முடிதான். நமக்கு மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் லேசாக வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். அதனால் மழித்துவிட்டால் குளிர்ச்சி வராது, தோல்தான் வெந்துபோகும். மழித்த முடி பழையபடி வளராமல் திட்டுத்திட்டாக வருவதும் உண்டு. எடுக்கவேண்டியது உதிர்ந்தும் விழாமல் உள்ளே சிக்கி நிற்கிற அடிமுடியை. அதற்குக் கத்தரி வேண்டாம், சீப்பு போதும்.

நான் பள்ளத்தூரில் இருக்கிறேன். வீட்டில் பிரவுனி என்று ஒரு லாப்ரடார், தெருவிலிருந்து வந்து வீட்டோடு தங்கிவிட்ட செவலை என்று ஒரு நாட்டு நாய். எங்கள் ஊரில் நாய் வளர்க்க ஒரே ஒரு பழக்கம் சொல்லு என்று கேட்டால், தினமும் ஒரு பத்து நிமிஷம் சீப்பும் கையுமாக அதன் பக்கத்தில் உட்காருங்கள் என்பேன். வெயில், உண்ணி, ஈரப்புண், பயம் எல்லாமே முதலில் உங்கள் கைக்குத்தான் தெரியவரும். கண்ணுக்குத் தெரியும்போது பல சமயம் நாள் கடந்திருக்கும்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தால் பிரவுனி தானாக வந்து காலடியில் சாய்ந்துகொள்ளும். முதலில் சீப்பில்லாமல் வெறும் கை. காது மடலைத் திருப்பி உள்ளே மோந்து பார்ப்பேன். புளித்த வாடை அடித்தால் காதில் கோளாறு. அப்புறம் கழுத்துப்பட்டையைக் கழற்றி அதன் அடியில், இரண்டு அக்குளிலும், தொடை இடுக்கில், வாலடியில், கடைசியாக ஒவ்வொரு கால்விரலாகப் பிரித்து நடுவில். உண்ணி இருந்தால் சின்னதாக ஒரு தடிப்பு விரலில் தட்டும். ஈறைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும், வெளிறக்கூடாது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் சீப்பு. முடி வளர்ந்த திசையிலேயே முதுகிலிருந்து தொடைக்கு வாருங்கள். பங்குனி, சித்திரையில் ஒரு வாரலுக்கே கை நிறைய அடிமுடி வரும். இரண்டு வாரம் விடாமல் செய்தால் அதற்கு எவ்வளவு இலகுவாகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். இன்னொன்று, தினமும் காலைத் தொட்டுப் பழகிய நாய் நகம் வெட்டும்போதும் ஊசி போடும்போதும் முரண்டு பிடிக்காது. எனக்கு இந்தப் பழக்கத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

இனி வெயில். பெங்களூர் நாய்க்கு எங்கள் சித்திரை, வைகாசி புதுசு. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாளும் உண்டு. காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் பிறகும் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. செம்மண் பாதை சீக்கிரம் ஆறும், ஆனால் ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள். திரும்பி வந்ததும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

பூர்வீக வீடு என்கிறீர்கள், அது உங்கள் நாய்க்குப் பெரிய கொடுப்பினை. கனத்த சுவர், உயரமான கூரை, காற்றோட்டத்துக்கு முற்றம், காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். மத்தியானம் எந்த இடம் குளிர்ச்சி என்று நாயே கண்டுபிடித்துவிடும். எங்கள் வீட்டில் வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஓரமாக வெயில் விழாத ஒரு மூலையில் பிரவுனி வயிற்றைத் தரையில் ஒட்டிக் கிடக்கும். அங்கே கட்டிலையோ அண்டாவையோ போட்டு மறிக்காமல், தண்ணீர்ச் சட்டியை மட்டும் பக்கத்தில் வைத்தால் போதும். அந்தத் தரையில் ஒரு சங்கடமும் உண்டு. தேய்ந்து பளபளவென்று இருக்கும் கல்லில் நாய்க்குக் கால் வழுக்கும். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டு பலவீனமாகிற குணம் பரம்பரையாகவே உண்டு. நகத்தை வளரவிடாதீர்கள், பாதத்தின் அடிமெத்தைகளுக்கு நடுவே நீளும் முடியைக் கத்தரியுங்கள், அது ஓடித் திரும்பும் இடத்தில் கோரைப்பாயோ சாக்கோ விரியுங்கள். ஃபினாயில் போட்டுத் துடைத்தால் தரை நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும்.

மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ கட்டிப்போடுவது எந்த நாய்க்கும் ஆகாது. ராஜபாளையம் நம் ஊர் நாய்தானே, தாங்கும் என்பார்கள். அதன் வெள்ளை முடிக்கு அடியில் இருப்பது இளஞ்சிவப்புத் தோல், வெயிலில் எளிதில் கன்றிப்போகும். மூக்குச் சப்பையான பக், ஷிட்ஸு மாதிரி நாய்களுக்கு மூச்சு விடுவதே பாடு. அவற்றுக்கு இந்த ஊர்க் கோடை உண்மையிலேயே ஆபத்து.

நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு அது காய்ச்சல், அதற்கு அது சாதாரணம். 104-க்கு மேல் போய், எச்சில் கெட்டியாக வழிந்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஃபேனைப் போடுங்கள். ஐஸ் தண்ணீர் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடுவதும் தப்பு. 103.5-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். எழுந்து வாலாட்டினாலும் போகத்தான் வேண்டும். சிறுநீரகத்துக்கு ஏற்பட்ட சேதம் பிறகுதான் தெரியும்.

உண்ணிக்கு வருகிறேன். பழைய வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் அதிகம் கவனிக்கவேண்டியது இதைத்தான். நாய் மேல் நாம் பார்க்கிற உண்ணி மொத்தத்தில் கொஞ்சம்தான், பெரும்பங்கு வீட்டில் இருக்கிறது. பெண் உண்ணி ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை அளவுக்கு ஊதியதும் கீழே விழுந்து, சுவரேறி, இடுக்குத் தேடிப் போய் முட்டையிடும். ஒரே உண்ணி 4000 முட்டை வரை இடும். குஞ்சுகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் நாய்க்காகக் காத்திருக்கும். நம் வீடுகளில் இடுக்குக்கா பஞ்சம்? தேக்கு நிலைக்கும் சுவருக்கும் நடுவில், மாட்டியிருக்கும் படங்களுக்குப் பின்னால், வருஷம் முழுக்கப் பூட்டியிருக்கும் அறைகளில், அடுக்கி வைத்த சாமான்களுக்கு அடியில். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்தால் தீராது. நாய் படுக்கும் பகுதியில் நிலையோரம், சுவரோரம் இருக்கும் வெடிப்புகளைச் சுண்ணாம்பாலோ சிமென்ட்டாலோ அடைத்துவிடுங்கள். படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசி மாடி வெயிலில் காயப்போடுங்கள். கொல்லையில் புல் மண்டவிடாதீர்கள். வீட்டுக்கு மருந்தடிக்கும் நாளில் நாயை வெளியே வைத்து, காய்ந்த பிறகு கூட்டிவாருங்கள்.

நாய்க்கு மாத்திரையே இருக்கிறது. அஃபாக்சோலானர் மாதம் ஒரு முறை, ஃப்ளுராலானர் 12 வாரத்துக்கு ஒரு முறை, எடைக்குத் தக்க அளவில். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவது, மாட்டுக்கு அடிக்கிற மருந்தைக் கையளவில் கலந்து ஊற்றுவது, எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். நாய் நக்கும், கற்பூரம் அதற்கு விஷம். தட்டுப்பட்ட உண்ணியைக் குறட்டால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், உண்ணி கொண்டுவருவது வெறும் அரிப்பை அல்ல. எர்லிக்கியா, பபீசியா என்ற காய்ச்சல்கள் நம் பக்கம் நிறைய நாய்களைக் கொண்டுபோகின்றன. சாப்பாட்டை மோந்துவிட்டு ஒதுங்குவது, காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் மூத்திரம், இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சீக்கிரம் பிடித்தால் குணமாகும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையும் ஐபுபுரூஃபனையும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், இரண்டுமே நாய்க்கு விஷமாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கவனிக்கவேண்டியது ஈரம். லாப்ரடாருக்குத் தண்ணீரைக் கண்டால் இருக்க முடியாது. குடிதண்ணீர் ஊருணியில் மட்டும் இறக்கிவிடாதீர்கள், ஊர்க்காரர்கள் மனசு நோகும், அது நியாயமும்கூட. தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வரும், நமக்கும் ஒட்டும். அதற்குத் தடுப்பூசி வருஷா வருஷம் உண்டு, மழைக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். நனைந்து வந்தால் மேலே துடைத்தது போதாது, அடிமுடிவரை உலரவேண்டும். இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரப்புண் வந்துவிடும். விரலிடுக்கையும் காதையும் துடையுங்கள். குளியல் வெயில்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மழையில் அதற்கும் குறைவு, நாய்க்கான ஷாம்பூவில். நம் சோப்பு அதன் தோலுக்கு ஒத்துவராது. கொல்லையில் தேரையைக் கவ்வினால் நுரை தள்ளும், உடனே வாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். மார்கழி, தை இங்கே சுகம். வயசான நாய்க்கு மட்டும் தரையில் சாக்கு விரியுங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருஷத்துக்கு ஒரு முறை தவறவே கூடாது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டிப் பல இடங்களில் இலவச முகாம் நடக்கும், தெருநாயையும் கூட்டிப்போங்கள். செவலைக்கு அப்படித்தான் ஆரம்பித்தோம்.

தீபாவளி ஒரு நாள் என்று நினைக்காதீர்கள். மாசி, பங்குனித் திருவிழா, கல்யாணம் என்று இங்கே வெடிக்கு வருஷமெல்லாம் காரணம் இருக்கிறது. மனிதக் காது கேட்பதைப் போல இரண்டு மடங்கு உயர்ந்த ஒலியும் நாய்க்குக் கேட்கும். உங்கள் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் ஜன்னல் குறைந்த உள்ளறை ஒன்று இருக்கும். இப்போதிருந்தே அதன் சாப்பாட்டையும் படுக்கையையும் அங்கே வைத்துப் பழக்குங்கள். வெடிச்சத்தத்தைப் போனில் மிகச் சன்னமாக வைத்துக்கொண்டு தின்பண்டம் கொடுங்கள், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டுங்கள். அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே நடையும் சாப்பாடும் முடியட்டும். ராத்திரி கதவைச் சாத்தி ஃபேனும் டிவியும் ஓட, யாராவது ஒருவர் கூட இருங்கள். நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்று சொல்வது சரியல்ல, தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். ரொம்பப் பயப்படுகிற நாய்க்கு மருந்து உண்டு, ஒரு வாரம் முன்னாலேயே மருத்துவரைக் கேளுங்கள். நாம் போடும் தூக்கமாத்திரை கூடவே கூடாது.

வருகிற விருந்தாளிகளிடமும் சொல்லிவையுங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு நம் வீட்டில் இல்லை. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இலையில் மீந்ததை அன்போடுதான் போடுவார்கள், நாம்தான் தடுக்கவேண்டும்.

வெடியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டுப் பார்ப்பதிலும் தப்பில்லை. திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்கள் சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்காகப் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடிப்பதே இல்லை. நம் மாவட்டத்து மனிதர்கள்தான் அவர்களும். எங்கள் தெருவில் பிள்ளைகளிடம் சொன்னோம், அதிர்வேட்டைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் எழுதியிருக்கட்டும். மிரண்டு ஓடிவிட்டால் பூட்டிக்கிடக்கும் பக்கத்து வீடுகளின் கொல்லையையும் திண்ணை மறைவையும் முதலில் பாருங்கள், பயந்த நாய் பெரும்பாலும் இருட்டான இடுக்கில்தான் ஒடுங்கும். கண்டதும் துரத்தாதீர்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பழகிய சாப்பாட்டுத் தட்டை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.