ஊருக்குப் போனா இருமல் நிக்குதா? அப்போ வீட்டைப் பாருங்க

இந்த தடவை வந்த கடிதத்துல முக்கால்வாசி இருமலும் இளைப்பும்தான். எல்லாத்துக்கும் பதில் போட பக்கம் பத்தாது, நாலை மட்டும் எடுத்திருக்கேன். கடிதத்தைப் பார்த்து வைத்தியம் பண்ண முடியாதுன்னு உங்களுக்கே தெரியும், எந்தக் கதவைத் தட்டணும்னு சொல்லலாம், அவ்வளவுதான்.

கேள்வி: டாக்டர், எனக்கு 54 வயசு. எட்டு மாசமா வறட்டு இருமல், சளியே வர்றதில்ல. முன்னாடி மூணு மாடி ஏறுவேன், இப்போ ஒரு மாடிக்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. பக்கத்து டாக்டர் ஆஸ்துமான்னு ரெண்டு இன்ஹேலர் மாத்தி மாத்தி குடுத்தாரு, ஒண்ணும் கேக்கல. எக்ஸ்ரே நார்மல்னு வந்துச்சு. மே மாசம் ஒரு கல்யாணத்துக்கு திருநெல்வேலி போய் 20 நாள் இருந்தேன், இருமல் பாதிக்கு மேல குறைஞ்சது, தண்ணி மாறினதாலன்னு நினைச்சேன். திரும்பி வந்த நாலே நாள்ல மறுபடி ஆரம்பிச்சிருச்சு. என்ன வியாதி இது?
- வாசகி, மாட்டுங்கா

பதில்: அம்மா, நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமா பட்டது அந்த திருநெல்வேலி விஷயம்தான். தண்ணி இல்லைங்க, காத்து. ஊருக்குப் போனா குறையுது வந்தா கூடுதுன்னா உங்க வீட்லயோ வீட்டைச் சுத்தியோ ஏதோ ஒண்ணு நுரையீரலுக்கு ஒத்துக்கலன்னு அர்த்தம். நீங்க எழுதல, நானே கேக்குறேன், உங்க ஜன்னல்ல புறா இருக்கா? ஏசி டப்பாவுக்குப் பின்னாடி கூடு கட்டியிருக்கா? பால்கனிய தினம் காலைல துடைப்பத்தால கூட்டுறது நீங்கதானா?

புறா எச்சம் காஞ்சு தூளாகி அதுவும் இறகுல இருக்கிற மாவு மாதிரி பொடியும் மூச்சோட உள்ள போகும், அதுல இருக்கிற புரதம் சிலருக்கு மட்டும் ஒத்துக்காது, நுரையீரலோட காத்துப்பை எல்லாம் வீங்கி நாளாவட்டத்துல தழும்பாயிடும். இதுக்குப் பேரு ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ். ஆஸ்துமா வேற இது வேற. ஆஸ்துமால காத்து போற குழாய் சுருங்குது, இதுல நுரையீரல் சதையே கெட்டிப்படுது, அதனாலதான் குழாயை விரிக்கிற இன்ஹேலர் உங்களுக்கு கேக்காம போயிருக்கலாம். அபூர்வமான வியாதின்னு நினைக்காதீங்க. 2017ல வெளியான நம்ம நாட்டு ஆய்வுல நுரையீரல் சதை பாதிப்பு இருந்த 1084 பேரைப் பார்த்தாங்க, அதுல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதுதான். அதுலயும் நிறைய பேர் வீட்ல ஏர் கூலர் ஓடியிருக்கு, பூசணம் பிடிச்ச கூலரும் இதே வேலையைத்தான் பண்ணும்.

2025ல மும்பை தாதர்ல புறாவுக்குத் தானியம் போடுற இடமான கபூதர்கானாவை தார்ப்பாய் போட்டு மூடினப்போ எவ்வளவு சண்டைன்னு ஞாபகம் இருக்கும். புண்ணியம் பாவம் பேச எனக்குத் தகுதி இல்ல, ஆனா இந்த வியாதி வந்தவங்க முதுகுல ஸ்டெதாஸ்கோப் வச்சா செருப்பு வெல்க்ரோ பட்டையை மெதுவா பிச்சு எடுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அதைக் கேட்ட பிறகு தானியம் போடுறவங்க மேல எனக்கு கோவம் வரத்தான் செய்யுது.

இப்போ செய்ய வேண்டியது. ஒரு பல்மனாலஜிஸ்ட்டை, அதாவது நுரையீரல் டாக்டரைப் பாருங்க. எக்ஸ்ரே நார்மல்னு நிம்மதியா இருக்காதீங்க, ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது, எச்ஆர்சிடின்னு ஒரு சிடி ஸ்கேன் இருக்கு அதுல தெரியும். மெஷின்ல ஊத வச்சு நுரையீரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற ஊதுற டெஸ்ட், ஆறு நிமிஷம் நடக்க வச்சு ஆக்சிஜன் இறங்குதான்னு பாக்குற டெஸ்ட், புறாவுக்கு எதிரான ரத்த டெஸ்ட் இதெல்லாம் சொல்லலாம். ரத்த டெஸ்ட் பாசிட்டிவ்னா மட்டும் வியாதி இருக்குன்னு ஆகாது, எல்லாத்தையும் சேர்த்து வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. வியாதி உறுதியானா மருந்துல பெரிய மருந்து புறாவை விட்டு விலகுறதுதான், அதைச் செய்யாம எந்த மாத்திரை சாப்பிட்டும் பெருசா பலன் இருக்காது. வலை அடிங்க, கூட்டை எடுக்கச் சொல்லுங்க, ஆனா நீங்க கிட்ட நிக்காதீங்க, சுத்தம் பண்றவங்களும் என்95 மாஸ்க் போட்டு தண்ணி தெளிச்சு ஈரமாக்கிட்டு அள்ளணும், காஞ்சதைக் கூட்டவே கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தா சுகர் பிரஷர் பாத்துக்கணும், நல்லாயிருச்சேன்னு நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது. தழும்பு ஏற்கனவே விழுந்திருந்தா அது திரும்பாது, பரவுறதை மெதுவாக்க நின்டெடானிப் மாதிரி மருந்து இருக்கு. எட்டு மாசம் ஆச்சு, இன்னும் தள்ளாதீங்க.

கேள்வி: என் பையனுக்கு 9 வயசு. குளிர் காலம் வந்தா வீசிங், ராத்திரி தூங்க மாட்டான். டாக்டர் பம்ப் எழுதிக் குடுத்தாரு. எங்க அம்மா 'பம்ப் பழகிட்டா விடவே முடியாது, சிரப்பே போதும்'ங்கிறாங்க. பம்ப்பால வளர்த்தி குறையுமாமே?
- வாசகர், செம்பூர்

பதில்: பாட்டிகிட்ட ஒரு கணக்கு சொல்லுங்க. சால்பியூட்டமால் சிரப் ஒரு ஸ்பூன்ல 2 மில்லிகிராம் இருக்கு. பம்ப் ஒரு தடவை அமுக்கினா 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு ஸ்பூன் சிரப் 20 அமுக்குக்கு சமம், அதுவும் வயித்துக்குப் போய் ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் சுத்தி கடைசியா நுரையீரலுக்கு வருது, அதனாலதான் சிரப் குடிச்சா கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். தாதர்ல இருக்கிற ஆளுக்கு பார்சல் அனுப்ப ஏன் தூரத்துல இருக்கிற கல்யாண் ஊர் வரைக்கும் போய்த் திரும்பணும்?

பழகிப் போறதெல்லாம் இல்ல. வளர்த்தி விஷயத்துல மறைக்காம சொல்றேன், ஸ்டீராய்டு பம்ப் வருஷக்கணக்குல போட்டா கடைசி உயரத்துல சுமார் 1 சென்டிமீட்டர் குறையலாம், ஆனா ராத்திரி தூங்காம மூச்சுக்குத் திண்டாடுற குழந்தை அதை விட மோசமாத்தான் வளரும். அப்புறம், இளைப்பு வரும்போது மட்டும் நீல பம்ப் (சால்பியூட்டமால்) அடிச்சு சமாளிக்கிற பழக்கத்தை உலக ஆஸ்துமா வழிகாட்டிலருந்து எடுத்துட்டாங்க, வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தே இருக்கணும்.

ஸ்பேசர், அதாவது பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டுற டப்பா இல்லாம குடுக்காதீங்க. குலுக்கி, ஒரு அமுக்கு, ஸ்பேசர்ல அஞ்சாறு மூச்சு, அரை நிமிஷம் விட்டு அடுத்தது, ஸ்டீராய்டு பம்ப்னா கடைசியா வாய் கொப்பளிக்கணும். என் கிளினிக்ல ஒரு அப்பா பையன் மூஞ்சில சென்ட் அடிக்கிற மாதிரி அடிச்சுட்டு 'மருந்து வேலை செய்யல டாக்டர்'னாரு, மருந்து முழுக்க பையனோட சட்டை காலர்ல இருந்துச்சு. இன்னொண்ணு, கொசுவத்தி சுருளை இன்னைக்கே தூக்கிப் போடுங்க. ஒரு சுருள் எரிஞ்சா 75லருந்து 137 சிகரெட் விடுற அளவு நுண்தூசி வரும்னு கணக்குப் போட்டிருக்காங்க. வலை கட்டுங்க. ஊதுற டெஸ்ட் எடுக்கலன்னா எடுத்துருங்க, 9 வயசுப் பையன் ஜோரா ஊதுவான், பெரியவங்கதான் டெக்னீஷியன் 'ஊதுங்க ஊதுங்க'ன்னு கத்தினா சிரிச்சுடுவாங்க. மருந்துக்கு அப்புறம் ஊதினதுல 12 சதவீதத்துக்கு மேல கூடினா ஆஸ்துமாவுக்கு நல்ல ஆதாரம்.

கேள்வி: அப்பாவுக்கு 60 வயசு. டிபி மருந்து 6 மாசம் முழுசா முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் மூச்சு வாங்குது. ஒருத்தர் மறுபடி டிபி மருந்து ஆரம்பிக்கச் சொல்றாரு.
- வாசகர், தாராவி

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. டிபி கிருமி செத்தாலும் அது தின்னுட்டுப் போன இடம் தழும்பா, குழாய் அகண்டு போயி அப்படியே நிக்கும், அதுவே மூச்சு வாங்க வைக்கும். சளி டெஸ்ட் இல்லாம ரெண்டாவது தடவை டிபி மருந்து வேண்டாம். சிபிநாட்னு சளில டிபி கிருமியோட மரபணுவைத் தேடுற டெஸ்ட்ல ஏற்கனவே டிபி வந்தவங்களுக்கு செத்த கிருமியோட மிச்சமும் பாசிட்டிவ் காட்டலாம், அதனால உயிருள்ள கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சர் டெஸ்ட்டுக்கும் அனுப்பச் சொல்லுங்க. ஊதுற டெஸ்ட்ல குழாய் அடைப்பு தெரிஞ்சா இன்ஹேலர் உதவும். உதட்டைக் குவிச்சு விளக்கை ஊதுற மாதிரி மெதுவா மூச்சு விடப் பழக்குங்க. பீடி இருந்தா இன்னையோட போதும். சளில ரத்தம் பட்டா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்குற ஆக்ஸிமீட்டர்ல எனக்கு ஒரு நாள் 91, ஒரு நாள் 98. எதை நம்புறது?
- வாசகி, முலுண்ட்

பதில்: நகப்பூச்சு, கறுப்பு மருதாணி, சில்லிட்ட விரல் இதெல்லாம் நம்பரைக் கெடுக்கும். கையைத் தேய்ச்சு சூடு பண்ணி, ஒரு நிமிஷம் அசையாம வச்சு, நம்பர் நின்ன பிறகு பாருங்க. அதுக்கு அப்புறமும் திரும்பத் திரும்ப 92க்குக் கீழ காட்டினாலோ, உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ எனக்கு எழுதாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. உக்காந்திருக்கும்போது 97 வந்து, சொசைட்டி கீழ ஆறு நிமிஷம் நடந்தா 92க்கு இறங்குதுன்னா, அந்த நம்பரை ஒரு சீட்டுல எழுதிட்டு டாக்டர்கிட்ட போங்க.