புது கேமரா, மங்கல் படம்

கேள்வி: செல்போனை விட்டு டிஜிட்டல் எஸ்.எல்.ஆருக்கு மாறினேன். 18-55 லென்ஸ். வீட்டுக்குள் எடுக்கும் படமெல்லாம் மங்கல். லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸைக் குறை சொல்லுமுன் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளக்குப் புள்ளி கோடாக இழுத்திருந்தால் கை அசைவு. முகம் மங்கி, பின்னாலுள்ள திரைச்சீலை மட்டும் பளிச்சென்றிருந்தால் ஃபோகஸ் அங்கே போய்விட்டது.

வீட்டுக்குள் பெரும்பாலும் முதல் வகைதான். ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/15 நொடி வரை இறங்கியிருக்கும், லென்ஸை 55 மி.மீ. வரை ஜூம் செய்தால் 1/100 ஆவது வேண்டும், ஓடும் குழந்தைக்கு 1/250. ஷட்டர் வேகத்தை நீங்களே வைத்து, ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவை, 1600க்கு ஏற்றுங்கள். படத்தில் பொடிப் பொடியாகப் புள்ளிகள் தெரியும்தான். அதைப் பொறுக்கலாம், மங்கலைத் திருத்த முடியாது. லென்ஸின் அசைவுத் தடுப்பு உங்கள் கையைத்தான் அடக்கும், குழந்தையை அல்ல!

ஃபோகஸ்தான் தவறுகிறது என்றால், ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்து, படம் எடுக்கும் ஆளின் கண்மேல் வையுங்கள். பட்டனை அரை அழுத்தம் அழுத்தியபின் முன்னே சாயாதீர்கள். லென்ஸ் பக்கவாட்டு சுவிட்ச் எம்.எஃப்.பில் (கையால் ஃபோகஸ் செய்யும் நிலையில்) கிடக்கிறதா என்றும் பாருங்கள். பையில் உரசி மாறிவிடுவதுண்டு.