ஆஃபர் லெட்டர் சம்பளமும் அக்கவுண்ட்ல விழுகுற சம்பளமும் – கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. 16 வருசமா பேரோல் வேலை. சென்னை, பெங்களூருன்னு சுத்திட்டு இப்ப 5 வருசமா மதுரை கே.கே.நகர்ல வீட்ல இருந்தே இந்தியா, ஜெர்மனி, அமெரிக்கா மூணு நாட்டு ஆளுங்களுக்கும் சம்பளம் போடுறேன். கைக்கு எவ்வளவு வரும், ஏன் ஊருக்கு ஊரு மாறுதுன்னு கேளுங்க. விசா என் ஏரியா இல்ல.

திருமங்கலம்: அண்ணே, சென்னைல 12 லட்சம் சிடிசி ஆஃபர் வந்திருக்கு. மாசம் ஒரு லட்சம் வருமா? அப்பா அத வச்சுத்தான் வீட்டு லோனுக்கு கணக்கு போடுறாரு.

தங்கச்சி, அப்பாட்ட இன்னைக்கே சொல்லிரும்மா, ஒரு லட்சம் வராது. சிடிசின்னா வருசத்துக்கு உனக்காக கம்பெனி போடுற மொத்தச் செலவு, கைக்கு வர்றது இல்ல. போன வருசம் மாட்டுத்தாவணி பக்கம் ஒரு டீக்கடைல ஒரு அப்பாவும் பையனும் இதே மாதிரி லெட்டர தூக்கிட்டு வந்தாய்ங்க. அந்த அப்பா லெட்டருக்குப் பின்பக்கமே பேனாவால 12 லட்சத்த 12ஆல வகுத்து, அதுக்குக் கீழ 45,000 இஎம்ஐன்னு எழுதி ரெண்டு கோடு போட்டு வச்சிருந்தாரு. ஏழாவது பக்கத்துல சம்பளத்த பிரிச்சுக் காட்டுற அனெக்சர்னு ஒரு டேபிள் இருந்துச்சு, அத ரெண்டு பேருமே பாக்கல. அந்த டேபிள்தான் சம்பளம், முத பக்கம் இல்ல.

ஒரு மாதிரி கணக்கு பாரு. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் பாதி, வருசத்துக்கு 6 லட்சம்னு வச்சுக்க. கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம் 72,000, வேலைய விடும்போது குடுக்குற கிராஜுவிட்டி 4.81 சதவீதம் 28,860, இன்சூரன்ஸ் ஒரு 12,000, வேலையப் பொறுத்துக் கூடக் குறைய வர்ற வேரியபிள் 10 சதவீதம்னா 1,20,000. இம்புட்டும் அந்த 12 லட்சத்துக்குள்ளயே அடக்கம், மாசாமாசம் வராது. மிச்சம் 9,67,140, மாசத்துக்கு 80,595. அதுல உன் பங்கு பிஎஃப் 6,000 போகும், தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாசக் கணக்குல 208. வருமான வரி உனக்கு வராது, புது வரி முறைல (நியூ ரெஜிம்) 2025-26லருந்து சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரை இல்ல. ஆக அக்கவுண்ட்ல விழுகுறது 74,000 சொச்சம்.

இதே 12 லட்சத்துல இன்னொரு கம்பெனி பிஎஃப்ப முழு பேசிக்குக்கும் இல்லாம 15,000 வரம்புக்கு மட்டும், அதாவது மாசம் 1,800 மட்டும் பிடிச்சா கைக்கு 82,700 பக்கம் வரும். ஒரே சிடிசி, மாசம் 8,400 வித்தியாசம். அதனால பிரேக்கப் ஷீட், அதாவது அந்த அனெக்சர் டேபிள், கைக்கு வராம கையெழுத்து போடாத. ஹெச்ஆர்ட்ட மெயில்ல கேளு, போன்ல கேக்காத.

விருதுநகர்: 18 லட்சத்துக்கு கைக்கு எவ்வளவு சார்?

மேல இருக்க அதே வழிதான். ஒண்ணு மட்டும் மாறும், நெறைய பேரு 12.75 லட்சத்துக்கு மேல உள்ள தொகைக்கு மட்டும் வரின்னு நெனைக்கிறாய்ங்க, அப்படி இல்ல, நல்லா தாண்டிட்டா 4 லட்சத்துக்கு மேல இருந்தே ஸ்லாப், அதாவது படிப்படியா ஏறுற வரி, எண்ணும். கழிவு எல்லாம் போக 15 லட்சம் நின்னா செஸ்ஸோட (வரி மேல போடுற கூடுதல் வரி) சேத்து 1,09,200 வரி.

செல்லூர்: 8 லட்சம் சிடிசி, கைக்கு எவ்வளவு?

அனெக்சர் இருக்கா? இருந்தா போடுங்க.

மேலூர்: பெங்களூரு கம்பெனி. அம்மாவுக்கு முடியலன்னு மதுரைல இருந்து வேலை பாக்குறேன்னு கேட்டேன், 20 சதவீதம் குறைப்போம்னு ஹெச்ஆர் சொல்றாங்க. ஒத்துக்கலாமா?

உடனே ஒத்துக்காதீங்க தம்பி. 5 வருசத்துக்கு முந்தி எங்கப்பாவுக்கு முடியாம நான் ஊருக்கு வந்தப்ப, அப்ப இருந்த கம்பெனி 15 சதவீதம் வெட்டுச்சு, ரெண்டே நாள்ல கையெழுத்து போட்டுட்டேன். அவிங்க வெட்டினது பேசிக்ல. கிராஜுவிட்டிய கடைசியா வாங்குன பேசிக்க வச்சுத்தான் போடுவாய்ங்க, 15ஐ 26ஆல வகுத்து வருசத்தால பெருக்கி. பேசிக் எறங்குனா இனிமே பாக்கப் போற வருசத்துக்கு மட்டும் இல்ல, ஏற்கனவே ஒழைச்ச அத்தன வருசத்துக்கும் சேத்து எறங்குது. குறைச்சே ஆகணும்னா பேசிக்ல சேராத ஸ்பெஷல் அலவன்ஸ்ல குறைக்கச் சொல்லுங்க, திரும்ப பெங்களூருக்குக் கூப்பிட்டா பழைய சம்பளம்னு எழுதி வாங்குங்க.

பெங்களூரு, பெல்லந்தூர்: அண்ணே குறுக்க வர்றேன். நான் இங்க ரெண்டு பெட்ரூமுக்கு 42,000 வாடகை குடுக்குறேன். மதுரைல 12,000க்கு வீடு எடுக்குறவருக்கும் எனக்கும் ஒரே சம்பளம்னா அது நியாயமா?

உங்க வலி எனக்குத் தெரியும், நானும் அந்தப் பக்கம் வாடகை குடுத்தவன்தான். ஆனா வாடகை கூடுதேன்னு பெரும்பாலான கம்பெனிங்க சம்பளம் கூட்டுறதில்ல. லண்டன்ல வாடகை என்ன கொஞ்சமா? இருந்தும் அதே டெவலப்பர் வேலைக்கு சான் பிரான்சிஸ்கோல குடுக்குறதவிட லண்டன்ல ரொம்ப கம்மியாத்தான் குடுக்குறாங்க. காரணம், ஒரு ஆள விட்டா தூக்கிட்டுப் போக அங்கிட்டு அத்தன கம்பெனி பக்கத்துலயே நிக்குது. சம்பளத்த முடிவு பண்றது உங்கள கூப்பிட எத்தன பேரு காத்திருக்காங்கன்றதுதான். சம்பளம் கூடுன ஊர்ல வாடகை பின்னாடியே ஏறுது.

மறுபடி பெல்லந்தூர்: உங்க கணக்குப்படியே மதுரைல கம்பெனி கம்மி, அப்ப சம்பளமும் கம்மியாத்தான வரணும்?

சரியான கேள்வி. இலந்தைகுளம், வடபழஞ்சில இருக்க எல்காட் (அரசு ஐடி) பார்க்க மட்டும் நம்பி இருக்க ஆளுக்கு நீங்க சொல்றதுதான் நடக்குது, ஏன்னா வேலைய விட்டா அடுத்த கதவு நாலஞ்சுதான். ஆனா மேலூர் தம்பி மதுரைல உக்காந்துட்டே ஐதராபாத்லயோ புனேலயோ ரிமோட் ஆஃபர் வாங்க முடியும்னா அவரோட மார்க்கெட் மதுரை இல்ல, மொத்த நாடும். அதுலயும் அவரு பாக்குற வேலை அதே வேலை, அவரு ஊருக்கு வந்ததால கம்பெனிக்கு சீட்டு செலவு, கேப் செலவு மிச்சம். ஆஃபர் கைல இல்லேனா ஹெச்ஆர் சொன்னதுதான் நிக்கும். அதனாலதான் தம்பிய ஒரு மாசம் இழுத்துப் பிடிச்சு இன்டர்வியூ குடுக்கச் சொல்றேன்.

மேலூர்: நன்றிண்ணே. ஒரு ஐதராபாத் இன்டர்வியூ வெள்ளிக்கிழமை இருக்கு.

போயிட்டு வாங்க. அது வரைக்கும் ஹெச்ஆருக்கு பதில் எழுதாதீங்க.

சிவகாசி: சண்டைல என் கேள்விய மறந்துட்டீங்க. ஜெர்மனில வருசம் 60,000 யூரோ, நான் சிங்கிள். கைக்கு?

மறக்கல. மாசம் 5,000ல கைக்கு 3,100 பக்கம். வருமான வரி மட்டும்னு நெனைக்காதீங்க, அதவிட சோசியல் பிடித்தம் ஜாஸ்தி, பென்ஷன் 9.3 சதவீதம், அதோட ஹெல்த் இன்சூரன்ஸ், வேலையில்லாக் கால இன்சூரன்ஸ், முதுமைப் பராமரிப்பு இன்சூரன்ஸ். குழந்தை இல்லாதவங்களுக்கு அந்தக் கடைசி ஐட்டத்துல கூடுதலா வேற பிடிப்பாய்ங்க. கல்யாணம் ஆகி மனைவியும் அங்க வந்து வேலைக்குப் போகாம இருந்தா மாசம் வரி கம்மியா பிடிக்கிற டேக்ஸ் கிளாஸ் 3க்கு மாத்தலாம், மாசம் நல்லாவே கூடும்.

அண்ணாநகர்: டெக்சாஸ், கலிபோர்னியா ரெண்டுலயும் 1,50,000 டாலர். வித்தியாசம் என்ன?

ஃபெடரல் வரி, சோசியல் செக்யூரிட்டி, மெடிகேர் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான். டெக்சாஸ்ல மாநில வருமான வரி கிடையாது. கலிபோர்னியால சிங்கிள் ஆளுக்கு வருசம் 10,000 டாலர் பக்கம் போயிரும்.

தேனி: துபாய் கம்பெனி, வரி இல்லேல்ல? ஆனா வேலை தேனில இருந்துதான்.

தேனில உக்காந்து வேலை பாத்தா இங்க வரி உண்டு. யாரு சம்பளம் போடுறான்றது கணக்கே இல்ல, நீங்க எங்க இருக்கீங்கன்றதுதான். ஆடிட்டரப் போய்ப் பாருங்க, ஜிஎஸ்டி கேள்வியும் சேந்து வரும்.

திண்டுக்கல்: 10 லட்சம் சிடிசி கைக்கு எவ்வளவு?

பரமக்குடி: 6.5 லட்சம் சிடிசி கைக்கு எவ்வளவு?

ரெண்டு பேருக்கும் சேத்து சொல்றேன், இனிமே அனெக்சர் இல்லாம யாருக்கும் நம்பர் சொல்ல மாட்டேன். குத்துமதிப்பா நான் ஒண்ணு சொல்லி அத நம்பி நீங்க லோன் போட்டா பாவம் எனக்குத்தான். அப்படியே ஜாயினிங் போனஸ் இருந்தா எத்தன மாசத்துக்குள்ள விட்டா திருப்பிக் கட்டணும்னும் பாருங்க.

திருப்பரங்குன்றம்: வேலை மாறுறேன், பழைய பிஎஃப்ப எடுத்துரலாமா?

வேணாம். புதுசுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க. தொடர்ந்து 5 வருசம் ஆகாம எடுத்தா வரி வேற வரும்.

திருமங்கலம்: அண்ணே, மெயில் போட்டேன், பதில் வந்துருச்சு. பிஎஃப் முழுசா பிடிக்கணுமா, இல்ல 1,800 மட்டுமான்னு சேரும்போதே சொல்லணும்னாங்க. அப்பா லோன் இஎம்ஐ 30,000.

74,000ல 30,000 போனா 44,000, சென்னைல ஹாஸ்டல்ல இருந்தா தாராளமா ஓடும். முழு பிஎஃப்பே வச்சுக்கம்மா, 2024-25க்கு 8.25 சதவீதம் வட்டி குடுத்தாங்க, கம்பெனி பங்கும் உன் பேர்லதான் சேருது. இஎம்ஐ 40,000க்கு மேல ஏறுனா மட்டும் 1,800ஐ யோசி. அப்படியே அதே மெயில்லயே வேரியபிள் எந்த மாசம், எத வச்சுக் குடுப்பாங்கன்னும் கேட்டு வாங்கிரு.