கடைவீதி கேள்வி-பதில்: குடல் பாக்டீரியா பொடி வாங்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் நடந்த ஓர் இலவச முகாமில் என் வீட்டுக்காரர் 'நல்ல பாக்டீரியா பொடி' என்று ஒரு டப்பாவை 2,400 ரூபாய் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். மூன்று டப்பா சாப்பிட்டால் சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் போய்விடுமாம். சர்க்கரை மாத்திரையையும் குறைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்களாம். நம்பலாமா?
- வாசகி, வேலந்தாவளம்

பதில்: மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த விடாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரைத் தவிர வேறு யாரும் அதைக் குறைக்கச் சொல்லக் கூடாது.

குடல் பாக்டீரியா பற்றிய பேச்சில் உண்மை இருக்கிறது. அதனால்தான் அதை வைத்து விற்பது சுலபமாகிவிட்டது. நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. பெரும்பாலானவை பெருங்குடலில்தான். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை அவை நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய ஆகாரம். சர்க்கரை நோய்க்கும் இந்த பாக்டீரியாக்களுக்கும் தொடர்பு இருப்பதும் நிஜம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையே குடல் பாக்டீரியாவின் கலவையை மாற்றுகிறது. ஆனால் ஒரு பொடியால் சர்க்கரை நோய் குணமாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இப்போது அந்த டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்று இருக்கும். மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று அர்த்தம். இந்த வகை உணவுப் பொருளில் அப்படி அச்சிட வேண்டும் என்பது விதி. முகாமில் மைக்கில் சொன்னதும் டப்பாவில் அச்சடித்திருப்பதும் நேர் எதிராக இருப்பதை உங்கள் வீட்டுக்காரருக்கே காட்டுங்கள்.

பாக்டீரியாவின் முழுப்பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'லாக்டோபேசிலஸ்' என்று மட்டும் போட்டிருந்தால், கதவு எண் இல்லாமல் தெருப்பெயர் மட்டும் எழுதிய விலாசம் மாதிரிதான். 'லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி' என்பதுபோல ரகம் வரை இருக்க வேண்டும், ஏனென்றால் ஆராய்ச்சிகள் ரகம் ரகமாகத்தான் நடந்திருக்கின்றன. ஒரு நாள் அளவில் உயிருள்ள பாக்டீரியா பொதுவாக 10 கோடியாவது இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதிமுறை. '500 கோடி பாக்டீரியா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் மலைத்துப்போகாதீர்கள், மேலே சொன்ன 38 லட்சம் கோடியை நினைத்துக்கொள்ளுங்கள். பொடியில் வந்தவை பெரும்பாலும் குடலில் தங்குவதும் இல்லை. பொடியை நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ வெளியேறிவிடும். '2 முதல் 8 டிகிரியில் வைக்கவும்' என்று போட்ட டப்பாவை, மார்ச் மாத வெயிலில் தகரக்கொட்டகைக்குள் அடுக்கி வைத்து விற்றிருந்தால், அதில் உயிரோடு எத்தனை மிச்சம் இருக்கும்?

சர்க்கரையைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உணவுப்பொருள் என்று விற்றாலும் நோயைக் குணமாக்கும் என்று சொல்லக் கூடாது. பில்லும் நோட்டீஸும் இருந்தால் பத்திரமாக வையுங்கள். புகார் செய்யும் வழியைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சாதாரணத் தயிரைவிட இரண்டு மடங்கு விலையில் 'புரோபயாடிக் தயிர்' வருகிறதே, வாங்கணுமா? எங்கள் ஊர்க் கள்ளும் குடலுக்கு நல்லது என்கிறார்களே?
- வாசகர், சித்தூர்

பதில்: புரோபயாடிக் என்றால் உடம்புக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா. வீட்டில் உறை ஊற்றிய தயிரிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு. புரோபயாடிக் தயிரில் குறிப்பிட்ட ரகமும் எண்ணிக்கையும் சொல்லித் தருகிறார்கள், கூடுதல் விலை அதற்குத்தான். ஒரு குறிப்பிட்ட தொந்தரவுக்காக டாக்டர் சொன்னால் வாங்குங்கள், தினசரிச் சாப்பாட்டுக்கு வீட்டுத் தயிர் போதும். புளிசேரி, மோர்க்குழம்பு என்று கொதிக்க வைத்தால் அந்த பாக்டீரியா செத்துவிடும், இட்லியை ஆவியில் வேகவைத்தாலும் அப்படித்தான். ருசிக்கும் சத்துக்கும் தாராளமாகச் சாப்பிடலாம். ஃப்ரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கெடாத டப்பா மோரில் உயிருள்ள பாக்டீரியாவை எதிர்பார்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால், காசை உள்ளே இருக்கிற பாக்டீரியாவுக்குத் தீனி வாங்கச் செலவழிக்கலாம். பெரியவர்களுக்கு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்ட அரிசி, ராகி, கொள்ளு, பயறு, முருங்கைக்கீரை, வாழைப்பூ என்று உங்கள் சந்தையில் கிடைக்காதது என்ன? சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வகையாக மாறி நேரே பெருங்குடலுக்குப் போகிறது. பழங்கஞ்சிக்கு அந்தப் பலனும் உண்டு. வாரத்தில் எத்தனை விதமான காய், பயறு சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம், தினமும் ஒரே காய் என்று இருக்காதீர்கள்.

கள்ளில் ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் இருப்பது உண்மைதான். கூடவே சாராயச் சத்தும் இருக்கிறது. அது குடல் சுவரையே கெடுக்கும். குடலுக்கு நல்லது என்று சொல்லிக் குடிக்க வேண்டாம்.

கேள்வி: சளி பிடித்தால் ஆண்டிபயாடிக் கேட்கிறேன், இங்கே சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்கிறார்கள். பொள்ளாச்சி போனால் கிடைக்கிறது, கூடவே புரோபயாடிக் கேப்சூலும் தருகிறார்கள். அது தேவையா?
- வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: டாக்டர் சீட்டு வேண்டும் என்ற விதி கேரளா, தமிழ்நாடு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். கேரளாவில் 2024 முதல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று கடைகளைச் சோதிப்பதால் கண்டிப்பாக இருக்கிறார்கள், அது உங்கள் நல்லதுக்குத்தான். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆண்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் பாக்டீரியாவைத்தான் அழிக்கும். அவை பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். தயவுசெய்து எல்லை தாண்டி வாங்காதீர்கள். டாக்டரே ஆண்டிபயாடிக் எழுதினால், அதனால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்கச் சில ரகக் கேப்சூல்கள் ஓரளவு உதவும். எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது.

கேள்வி: பாலக்காட்டுக் கடையில் வாங்கிய புரோபயாடிக் கேப்சூல் காலாவதியானது. பணம் கேட்டால், "கேஸ் போடணும்னா இங்கேதான் வரணும்" என்கிறார் கடைக்காரர்.
- வாசகர், கோபாலபுரம், பொள்ளாச்சி

பதில்: தவறான தகவல். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குக் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்யுங்கள், பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். பில், அட்டையில் தேதி தெரியும்படி ஒரு போட்டோ, அட்டையில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இருந்தால் அதுவும் தயாராக இருக்கட்டும். பில் தர மறுப்பதும் இதே சட்டப்படி குற்றச்சாட்டுக்கு உரியது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலாவதிப் பொருளை விற்றதற்காகப் பாலக்காடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் தனியாக ஒரு புகார் அனுப்புங்கள். மீதிக் கேப்சூலை எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.