20 பங்கு 200 ஆகிவிட்டது, க்னூகேஷ் கணக்கு மென்பொருளில் எப்படி எழுதுவது?

ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பல பங்காகப் பிரிப்பது) ஆனபின் 90 சதவீதம் நஷ்டம் காட்டுகிறது, புதுப் பங்குகளை வாங்கியதாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அப்படிப் போட்டால் அடக்க விலையே கெட்டுவிடும்.

டாடா ஸ்டீல் 2022 ஜூலையில் 10 ரூபாய் முகமதிப்பை (சந்தை விலை அல்ல, பங்குக்குக் கம்பெனி குறித்த மதிப்பு) 1 ரூபாயாகப் பிரித்தது. 1,000 ரூபாய் வீதம் 20 பங்கு வைத்திருந்தவருக்கு அது 200 பங்கு, ஒன்றின் அடக்கம் 100, மொத்தம் அதே 20,000. எங்கள் கிருஷ்ணகிரி மண்டியில் ஒரு பெரிய கூடை மாங்காயைப் பத்து சின்னக் கூடையாகப் பிரித்து வைத்தாலும் கொள்முதல் சீட்டில் தொகை மாறாது, அதே மாதிரிதான்.

க்னூகேஷில் ஸ்டாக் ஸ்ப்ளிட் என்றே தனி வசதி இருக்கிறது. அது கேட்பது கூடுதலாக வந்த எண்ணிக்கையை, அதனால் 180 என்று போடுங்கள். 200 போட்டால் 220 ஆகிவிடும். பணத்துக்கான கட்டத்தைக் காலியாக விடுங்கள். பழைய வாங்கல் பதிவைத் திருத்தவே கூடாது, ஏனென்றால் வரிக்கு முதலில் வாங்கிய தேதிதான் கணக்கு.

அப்புறம், போனஸ் பங்கை (கம்பெனி இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு) இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அதற்கு அடக்கம் பூஜ்யம், தேதியும் ஒதுக்கிய நாள்தான்.