பால்வெட்டுத அக்காவுக்கு விருது குடுக்கலாமா?

கேள்வி: எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம். கிளப் ஆண்டுவிழாவுல ‘சாதனையாளர் விருது’ யாருக்குன்னு முடிவு பண்ற பொறுப்ப டிகிரி முடிச்ச எங்க நாலஞ்சு பேர்கிட்ட விட்டிருக்காங்க. ஒருத்தர் கல்ஃப்ல கான்ட்ராக்டர், விழாச் செலவு மொத்தமும் அவரோடது. இன்னொரு பையன் ரீல்ஸ்ல ஃபேமஸ். நான் வருஷக்கணக்கா ரப்பர் பால் வெட்டுத ஒரு அக்கா பேரைச் சொன்னேன், எல்லாரும் சிரிச்சிட்டாங்க. நான் சொன்னது தப்பா?

பதில்: தப்பே இல்ல மக்களே. சிரிச்சவங்கள்ல ஒருத்தராவது பால்வெட்டுக் கத்திய கையில புடிச்சிருப்பாங்களா? மரத்துல பால்குழாய் நெறைய இருக்கது தடியை, அதாவது பட்டைக்கு உள்ள இருக்க கட்டையை, ஒட்டுன உள்பட்டையிலதான், அதனால கத்தி ஆழமா போனாதான் பால் நல்லா வரும், ஆனா கொஞ்சம் கூடுதலா போயி தடியில பட்டுச்சுன்னா அந்த இடம் காயமாகி முண்டும் முடிச்சுமா வளரும், பின்னால அங்க வளருத புதுப்பட்டையில ஒழுங்கா வெட்டவே முடியாது. கத்திக்கும் தடிக்கும் நடுவுல விடவேண்டியது சுமாரா ஒரு மில்லிமீட்டர். அதுவும் வெளுக்குறதுக்கு முன்ன, தலையில கட்டுன லைட் வெளிச்சத்துல, மரத்துக்கு மரம். அதனால அந்த அக்கா நல்ல வெட்டுகாரியான்னு தெரியணும்னா இன்னைக்கு சிரட்டையில எவ்வளவு பால்னு பாக்காதீங்க, ஆழமா வெட்டி நாலுநாள் யாரு வேணும்னாலும் நெறைய காட்டலாம். பல வருஷம் முன்ன அவங்க வெட்டுன பக்கத்துல பட்டை வழுவழுன்னு வந்திருக்கான்னு தடவிப் பாருங்க, பக்கத்துத் தோட்டத்துல வெட்டுதவங்ககிட்டயும் கேளுங்க.

மத்த ரெண்டு பேரையும் இதே மாதிரி கிட்ட போயி பாக்கணும், அதான் நியாயம். கல்ஃப்காரர் பணக்காரர்ங்கறதுக்காக ஒதுக்கிராதீங்க. கூட்டிட்டுப் போன பசங்களுக்கு சம்பளம் ஒழுங்கா குடுத்தாரா, பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாரா, அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டு இப்ப தனியா நிக்கவங்க யாராவது இருக்காங்களா, இதெல்லாம் லீவுக்கு வந்த பசங்கள தனியா விசாரிச்சா தெரிஞ்சிரும். அது நல்லா இருந்தா அவரும் சாதனையாளர்தான், ஆனா அவர் ஸ்பான்சர் பண்ணாத ஒரு வருஷம் குடுங்க. ரீல்ஸ் தம்பிக்கு வயசு இருக்கு, வ்யூஸை வச்சு இப்பவே அளக்க வேண்டாம்.

இன்னொண்ணு, ஒரு பேரைச் சொல்லும்போது கூட நின்னவங்களையும் தேடணும். 1956 நவம்பர் 1-ல நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்ததுக்கு, அந்தப் போராட்டத்த முன்னால நின்னு நடத்துன நேசமணி ஐயாவக் கொண்டாடுதோம், கொண்டாடவும் வேணும். ஆனா அதே போராட்டத்துல 1954 ஆகஸ்ட் 11-ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டு செத்தாங்களே, அவங்க பேரு உங்க கமிட்டியில எத்தனை பேருக்குத் தெரியும்? இது எனக்கு ரொம்ப நாளா மனசுல கெடந்து உறுத்துற விஷயம்.

செலவு ஏத்துக்கிட்டவரு பேரை நோட்டீஸ்ல நன்கொடையாளர்னு பெருசா போடுங்க, பொன்னாடை போத்துங்க, அத விருதோட கலக்காதீங்க. அக்காவ முடிவு பண்ணிட்டா நோட்டீஸ் அடிக்கதுக்கு முன்ன வீட்டுக்குப் போயி சம்மதம் கேட்டுருங்க, மேடை புடிக்காதவங்களும் உண்டு. சாயங்காலமா போங்க, பால் எடுத்து ரப்பர் ஷீட் அடிச்சு முடிக்கவே மதியம் ஆயிரும். விழாவுலயும் விருதை முதல்லயே குடுத்துருங்க, மறுநாள் அவங்களுக்கு வெட்டு இருக்கும்.